இருபத்தைந்து கெஜத்தில் நின்ற ரவைகள்

டெல்ஃபியா ஸ்டாம்பரின் துப்பாக்கியிலிருந்து புறப்படும் ரவைகள் இருபத்தைந்து கெஜத்தைத் தாண்டுவதில்லை. அந்தத் தொலைவை எட்டியதும் கொசுக்கூட்டம்போல் காற்றிலேயே நின்றுவிடும். கீழே விழுவதும் இல்லை. கெண்டக்கி மலைகளுக்கு நடுவிலுள்ள ஸ்லேட் ஓடைப் பள்ளத்தாக்கில் இதை எல்லோரும் அறிந்திருந்தனர். புதிதாக வருவோரிடம் மட்டும், ஹிக்கரிக் கொட்டை மரங்கள் அடர்ந்த மேட்டில் நடக்கும்போது கண்ணைக் காத்துக்கொள்ளுமாறு சொல்லிவைப்பார்கள்.

கணவன் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து திரும்பாமற்போன ஆண்டில் அவள் வாங்கிய துப்பாக்கி அது. ஃபோர்-டென் என்பார்கள், ஒற்றைக் குழல், சுண்டுவிரல் பருமனில் தோட்டா. தூக்கினால் கை கடுக்காது, சுட்டால் தோளில் உதைக்காது, ஓசையும் காய்ந்த கிளை முறிவதைப்போன்றதே. ஆனால் அந்தத் தோட்டாவில் அடங்கும் ரவை மிகச் சொற்பம். தூரம் செல்லச் செல்ல ரவைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நடுவே ஓர் அணில் தப்பிச் செல்லும் அளவுக்கு இடைவெளி விடும். முதல் இலையுதிர்காலத்தில் டெல்ஃபியா இதைப் பொருட்படுத்தவில்லை. எட்டாத கிளையிலிருந்த அணிலைச் சுட்டாள்; காயம்பட்ட அது பீச் மரப்பொந்துக்குள் ஊர்ந்து மறைந்தது. தோள்வரை கையை விட்டுத் துழாவியும் அகப்படவில்லை. உள்ளே அது கீறும் ஒலியைப் பொழுது சாயும்வரை நின்று கேட்டாள். மறுநாள் முதல் ரவைகள் எல்லையில் நிற்கத் தொடங்கின. அதைத் துப்பாக்கியின் நியாயமென்றே அவள் ஏற்றுக்கொண்டாள். அணில்களும் எல்லையை விரைவில் கற்றுக்கொண்டு, அதற்கு ஒரு முழம் அப்பால் அமர்ந்து, அவளைப் பார்த்தபடியே கொட்டை கொறித்தன.

மேடு அவளுடையதன்று. பருவத்தின் முதல் வேட்டையிலிருந்து தோலுரித்த அணில்கள் சிலவற்றை நிலக்காரர் கையில் கொடுக்க வேண்டும். அவர் வாங்கிக்கொண்டால் அவ்வாண்டுக்கு அனுமதி உண்டு. பழைய நிலக்காரர் கோம்ப்ஸ் ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டார். அவர் இறந்தபின், ஒஹாயோவின் டயர் ஆலையிலிருந்து மகன் தர்லோ திரும்பிவந்தான். வந்த வாரமே மேட்டில் உலாவி, நெற்றியை ரவைகளில் இடித்துக்கொண்டான். வீங்கிய நெற்றியோடு கடைவாசலில் டெல்ஃபியாவை வழிமறித்தான்.

"அத்தை, அந்தப் பொம்மைய வச்சுக்கிட்டு எத்தன வருசந்தான் என் மேட்டுல கொசு வளப்பீங்க? வந்தா பன்னெண்டு போர் பெரிய துப்பாக்கியோட வாங்க. இல்லன்னா வராதீங்க."

"மேடு உன்னுது. துப்பாக்கி என்னுது," என்றாள் டெல்ஃபியா.

"அது துப்பாக்கியா? பல்லு குத்துற குச்சி."

கடைவாசலில் இருந்தவர்கள் சிரித்தனர். மேடு இல்லையெனில் பனிக்காலம் முழுவதும் தன் வாணலியில் இறைச்சி இராது என்பது டெல்ஃபியாவுக்குத் தெரியும். இருந்தும் பருவம் திறந்த காலையில் அதே ஃபோர்-டென்னுடன் ஓடையைத் தாண்டினாள்.

தர்லோ தன் பன்னிரண்டு போர் துப்பாக்கியுடன் மேட்டில் காத்திருந்தான். நாற்பது கெஜத்துக்கு அப்பால், ஹிக்கரி உச்சியில் ஓர் அணில் வாலை ஆட்டியது.

"சுடுங்க பாப்போம்."

"அது என்னுது இல்ல."

அவன் சுட்டான். அணில் உயிரற்று விழுந்தது, குறையொன்றும் சொல்வதற்கில்லை. "நல்ல அடி," என்று டெல்ஃபியாவே ஒப்புக்கொண்டாள். ஆனால் அந்த முழக்கத்தில் மேடு முழுவதும் ஊமையாயிற்று. அவள் அதே ஹிக்கரியின் அடிக்குச் சென்று, முதுகைச் சாய்த்து அமர்ந்தாள்.

"உக்காரு, இல்லன்னா வீட்டுக்குப் போ. நின்னுக்கிட்டு நிழல் விழுத்தாத."

அவள் தோற்பதைக் காணும் ஆவலில் அவன் அமர்ந்தான். வெயில் சரிவில் இறங்கியபோது கொட்டை கொறிக்கும் ஓசை மறுபடி எழுந்தது. ஃபோர்-டென் ஒருமுறை கிளை முறிவதுபோல் ஒலித்தது. ஓர் அணில் இலைச்சருகில் விழ, மற்றவை கொறிப்பதை நிறுத்தவில்லை. விழுந்ததை எடுக்க அவளும் எழவில்லை. இப்படியே அவள் பை நிறைந்தது. எல்லைக்கு அப்பாலிருந்த ஒன்று அவளைப் பார்த்து ஏளனமாகக் கீச்சிட்டது. தர்லோவின் துப்பாக்கி உயர்ந்தது. டெல்ஃபியா அதன் குழல்மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தாழ்த்தினாள்.

பிறகு ஓடைநீரில் அணில்களைத் தோலுரித்துக் கழுவி, சரிபாதியை அவன்முன் நீட்டினாள்.

"இந்தா, இந்த வருசத்துப் பங்கு."

"இத வாங்குனா அனுமதி குடுத்ததா ஆயிருமே அத்தை."

"ஆமா."

"வாங்கலன்னா?"

"வாங்கலன்னாலும் நாளைக்கு வருவேன். இதே குச்சியோட."

 தர்லோ தொப்பியைக் கழற்றி, பக்கத்தில் ஏதோ ஓர் ஆண்டு முதல் தொங்கிக்கொண்டிருந்த ரவைகளின்மேல் மாட்டிவிட்டு, இரு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டான். கைகள் நிறைந்திருந்தமையால் தொப்பியை அங்கேயே விட்டுச் சென்றான். அடுத்த வசந்தத்தில் ஓர் அணில் அதனுள் குட்டி போட்டது. மேட்டில் வழி கேட்போருக்கு, தர்லோவின் தொப்பிக்கு இடப்பக்கம் திரும்பச் சொல்கிறார்கள்.