கொஞ்சம் ஜாக்கிரதை

மலை எரிந்து அணைந்துவிட்டால் கண்டம் தாண்டியது என்று எல்லாரும் மூச்சு விடுவார்கள். வான்மதிக்கு அப்போதுதான் வேலை ஆரம்பிக்கும். மரம் போய், வேர் கருகி, மண்ணின் மேல் மெழுகு பூசியதுபோல் ஆகிவிட்ட சரிவில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும். சேறும் பாறையும் முறிந்த மரமுமாகச் சேர்ந்துகொண்டு ஓடை வழியே வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். நிற்குமா என்ன, வீட்டையும் தூக்கிக்கொண்டு போகும். எந்த வீடு தப்பும், எது தப்பாது என்று மழைக்காலத்துக்கு முன்னால் பார்த்துச் சொல்ல மாநில அரசு அனுப்பிய பன்னிரண்டு பேர் குழுவுக்கு அவள்தான் தலைவி.

சோதனை என்னவோ எளிதுதான். சாம்பலைச் சுரண்டி, மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உள்ளே இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ண வேண்டும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். சாண்டா குரூஸ் மலையின் அந்தச் சரிவில் வான்மதி விட்ட சொட்டு ஒரு நிமிடம் ஆகியும் முத்து மாதிரி உருண்டு நின்றது. அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

குழுவுக்கு அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. மழுப்பிப் பேசக் கூடாது. ரிஸ்க், காஷன் என்றெல்லாம் சொன்னால் யார் காதிலும் ஏறாது. தீயில் தப்பிய வீட்டுக்காரன் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வான். "செத்துப்போவீர்கள் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் வாசலை விட்டு இறங்காதீர்கள்" என்று புதிதாகச் சேர்ந்த பத்ரிக்கு ஆங்கிலத்தில் இரண்டு தடவை பாடம் எடுத்திருந்தாள். அவன் டெக்சாஸ் பேர்லேண்டில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் புரியும், வாயில் வராது.

ஓடையோரம் இருந்தவை இரண்டே வீடுகள். மேல் வீட்டில் கரோல் என்ற வெள்ளைக்காரக் கிழவி, இரண்டு நாய்களுடன் தனியாக. கதவைத் திறந்த கரோலிடம் வான்மதி, பெரிய மழை எச்சரிக்கை வரும் நாளில் இந்த வீட்டில் இருந்தால் நீங்கள் செத்துப்போவீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். நாய்களையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று மட்டும் கரோல் கேட்டாள். அவ்வளவுதான், நான்கு நிமிடத்தில் காரியம் முடிந்தது.

கீழ் வீடு ஜெயகுமாரி ஆண்ட்டியுடையது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வான்மதி ஈரோட்டிலிருந்து இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியபோது, சன்னிவேலில் தங்கள் வீட்டு மாடியறையைத் திறந்துவிட்டு, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள் ஆண்ட்டியும் சுவிசேஷமுத்து அங்கிளும். நாசரேத் பக்கத்துக்காரர்கள். அவர் சிப் கம்பெனியிலும் ஆண்ட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸாகவும் உழைத்து ஓய்ந்து, சன்னிவேல் வீட்டை விற்றுவிட்டு இந்த மலையில் குடியேறி ஆறு வருஷம் ஆகிறது.

வாசலில் இருபது கார் நின்றது. தீ சுற்றிலும் எரித்துவிட்டு அந்த வீட்டை மட்டும் விட்டுவைத்ததற்காக அன்று அங்கே ஸ்தோத்திரக் கூட்டம். விருந்தாளி வரும் நாளாகப் பார்த்து எமன் வேஷத்தில் வந்து நிற்கிறோமே என்று வான்மதிக்குக் கால் கூசியது. தொப்பியையும் ஆரஞ்சு நிற மேல்சட்டையையும் கழற்றி வண்டியில் போட்டுவிட்டுப் போனாள். அப்போதே பாதி தோற்றுவிட்டாள். அது அவளுக்குத் தெரியவில்லை.

"ஏட்டி வான்மதி! பாத்தியா கர்த்தர் செஞ்ச காரியத்த? வேலி வரைக்கும் வந்த நெருப்பு நின்னுட்டு போச்சு. வா, வா. மொதல்ல சாப்பிடு" என்று ஆண்ட்டி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தட்டில் பிரியாணி வந்தது. கூடவே முதலூரிலிருந்து யாரோ கொண்டுவந்த மஸ்கோத் அல்வாவும் வந்தது.

சாப்பிட்ட கையோடு ஆண்ட்டி தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே கார் அளவுக்கு ஒரு பாறை. சுற்றி மல்லிகை வைத்திருந்தாள். காலை காப்பி அதன் மேல் உட்கார்ந்துதான்.

வான்மதி பாறையைத் தடவிப் பார்த்தாள். அது அந்த இடத்துக் கல் இல்லை. மலை உச்சியில் இருக்கும் கல். என்றைக்கோ ஒரு மழையில் ஓடை அதை அத்தனை தூரம் உருட்டிக்கொண்டு வந்து போட்டிருக்கிறது. வீடு நிற்கும் மேடும் அப்படிக் கொட்டிய மேடுதான். வந்த வழியில் இன்னொன்று வர வேண்டியதுதான் பாக்கி.

"ஆண்ட்டி, நான் ஆபீஸ் விஷயமாத்தான் வந்தேன். மழை வந்தா இந்த ஓடையில... கொஞ்சம் ப்ராப்ளம் ஆகலாம்."

"என்ன ப்ராப்ளம்?"

வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் வான்மதி வளர்ந்த வீட்டில் விளக்கை அணை என்று சொன்னாலே வாயில் அடி விழும். குளிர வை என்று சொல்ல வேண்டும். போறேன் என்று சொல்லிவிட்டு யாரும் படி இறங்கக் கூடாது, போயிட்டு வர்றேன். அச்சானியமாக வாயைத் திறந்தால் அது பலித்துவிடும் என்று நம்பிய வீடு. பிஎச்டி வாங்கியும் அந்த அடி மறக்கவில்லை. உள்ளே ஜெபப் பாட்டு கேட்கிறது, எதிரே கஞ்சி ஊற்றிய கை மல்லிகை பறித்து நீட்டுகிறது. இங்கே நின்றுகொண்டு செத்துப்போவீர்கள் என்று தமிழில் எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் சொன்னால் அது வேலை. தமிழில் சொன்னால் சாபம்.

"மண்ணு சரிஞ்சு வரலாம் ஆண்ட்டி."

ஆண்ட்டி அவளையே பார்த்தாள். விவரமான மனுஷி, முப்பது வருஷம் நர்ஸ். "பிஸ்கட்டவேயில இருந்து மக ஜோவானா டெய்லி கூப்பிடுறா. மழை முடியிற வரைக்கும் அவ வீட்டுல போய் இருக்கட்டுமா? நீ படிச்சவ, நீ சொல்லு. போகணும்னா டிக்கெட் போட்டுடறேன்."

இதைவிட நேராக ஒருத்தர் கேட்க முடியாது.

"போனா நல்லதுதான் ஆண்ட்டி. ஆனா..." வான்மதி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் பிற்பாடு தன்னையே வெறுத்தாள். "மழை நேரத்துல மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க. மணல் மூட்டை அடுக்கி வெச்சுக்கோங்க. போன்ல அலர்ட் வந்தா பாத்துக்கோங்க."

"அவ்வளவுதானே! நான் கூட என்னமோன்னு நெனச்சேன்" என்று ஆண்ட்டி நெஞ்சில் கை வைத்தாள். அல்வா ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

ஓடையில் அளவெடுத்துக்கொண்டிருந்த பத்ரி வண்டிக்கு வந்து, "டிட் யூ டெல் தெம்?" என்று கேட்டான். "சொல்லிட்டேன்" என்றாள். அவன் பட்டியலில் டிக் போட்டான். அறிக்கையில் அந்த இரண்டு வீட்டுக்கும் உயிர் அபாயம் மிக அதிகம் என்று அவளே எழுதினாள். வரைபடத்தில் சிவப்பும் அடித்தாள். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

டிசம்பரில் இரண்டு முறை எச்சரிக்கை வந்தது; இரண்டு முறையும் தூறலோடு போயிற்று. கரோல் இரண்டு முறையும் நாய்களோடு மோட்டலுக்குப் போய் வந்தாள். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் வான்மதிக்கு மனசு அடித்துக்கொள்ளும். இன்னொரு முறை கூப்பிட்டு ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பாள். "மழை எப்படி ஆண்ட்டி?" என்று கேட்பாள். "நல்ல மழைட்டி, மல்லிக துளிர் விட்டிருக்கு" என்று பதில் வரும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கால் மணி நேரத்தில் அரை அங்குலம் கொட்டியது. அங்கிள் இன்னும் கொஞ்சம் மணல் மூட்டை வாங்கிவரக் கீழே போயிருந்தார். திரும்பி வந்தபோது சாலையே இல்லை. கரோலின் வீடு இருந்த இடத்தில் ஒரு பள்ளம். கீழ் வீட்டில் சமையலறைச் சுவர் ஒன்று மட்டும் நின்றது. ஆண்ட்டியை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். அந்தப் பாறை ஒரு இம்மிகூட நகரவில்லை.

அடக்கம் முடிந்து சன்னிவேல் தேவாலயத்துக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிள் வான்மதியைக் கண்டதும் பக்கத்தில் உட்காரவைத்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்ன மாதிரியேதான் இருந்தோம்மா. நாப்பது மூட்டை அடுக்கினேன். அன்னைக்கி போன் அலறிச்சி. போவோமான்னு கேட்டேன். 'வான்மதி நேர்ல வந்து பாத்துட்டுதானே போனா, பெருசா ஒண்ணும் சொல்லலியே, ஜாக்கிரதையா இருந்தா போதும்'னா. ஜாக்கிரதையாத்தான் இருந்தோம். நீ மனசு கஷ்டப்படாத, உன்மேல தப்பில்ல."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை, வாய்விட்டு அழுதாள். அந்த நேரம் பார்த்துக் கரோல் வந்தாள். கறுப்பு உடை, கையில் பூ. அங்கிளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, வான்மதியின் தோளைப் பிடித்தாள். வீட்டில் இருந்தால் செத்துப்போவாய் என்று நீ சொன்ன நாளிலிருந்து மேகம் கறுத்தாலே நாய்களைக் காரில் ஏற்றிவிடுவேன். நீ மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இல்லை என்றாள். நன்றி சொல்லிவிட்டு ஆண்ட்டியின் படத்தருகே பூ வைக்கப் போனாள்.

அங்கிள் வான்மதியின் கையை விடவில்லை.

"அவகிட்ட அப்படியா சொன்ன?"

"ஆமா அங்கிள்."

"எங்களுக்கும் அப்படித்தான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். அன்னைக்கி வீட்டுல கூட்டம்... ஆண்ட்டி பூ குடுத்தாங்க. அந்த வார்த்தை வாயில வரல அங்கிள்."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "சொல்லியிருக்கலாமேம்மா. கோவப்பட்டிருப்பா. ஜோவானா வீட்டுல போய் உக்காந்துக்கிட்டு உன்னத் திட்டிக்கிட்டே இருந்திருப்பா." பிடித்திருந்த கையைத் தன் மடியிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, கரோல் நின்ற பக்கம் திரும்பிக்கொண்டார்.

வான்மதி எழுந்தாள். சாவுக்கு வந்த இடத்தில் போயிட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது. அதுவும் அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். ஒன்றும் சொல்லாமல் படி இறங்கினாள்.