இடையில் நின்று பேசுபவள்

அப்படி என்னதான் இருக்கிறது அவளிடம்? சிரிப்பு ஒன்றும் விசேஷமில்லை. மேல் ஈறு தெரிகிறது. குரலோ, பக்கத்தில் இருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்து ஆள்கூட இல்லை. பிறகு ஏன் எல்லோரும் அவள் பக்கமே சாய்கிறார்கள்?

பூரணி இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது டொக்டர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் காதில் விழவில்லை. டொக்டரின் மேசையோரத்தில் அவளுக்கென்று போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் ஒரு அரைச்சுவர் உண்டு. மருந்து வாங்கிய பெண்கள் அங்கேதான் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் டெல்சி உட்கார்ந்திருந்தாள். யாருடைய குழந்தையோ அவள் மடியில் இருந்தது. ஜெயந்தினி அவள் காதருகே குனிந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் என்றால்கூடப் பரவாயில்லை. ஜெயந்தினியின் வீடும் பூரணியின் வீடும் ஒரே லயத்து வரிசையில், நடுவில் ஒரு சுவர் மட்டும். அங்கே ஆணி அடித்தால் இங்கே சட்டி ஆடும். கஷ்டம் என்றால் ஜெயந்தினி முதலில் தட்டுவது பூரணியின் கதவைத்தான். அப்படிப்பட்டவள், தன்னிடம் சொல்லாத ஒன்றை நேற்று வந்த ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லி முடித்து, சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் செய்கிறாள்.

"பூரணி அக்கா," என்று டொக்டர் மறுபடியும் கூப்பிட்டார். தமிழில் அவர் பிசகில்லாமல் சொல்லும் சொற்கள் அவை. பூரணி திடுக்கிட்டுத் திரும்பி, எதிரே நின்ற கிழவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள், "இவருக்குச் சளி, ராவெல்லாம் இருமல்," என்று சிங்களத்தில் சொல்லி முடித்தாள். கிழவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ஹட்டன் பாதையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. டொக்டருக்குத் தமிழ் வராது. வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சிங்களம் வாய் திறந்து பேச வராது. பூரணி கல்யாணத்துக்கு முன் கண்டியில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவள். சிங்களம் அங்கே படிந்தது. தோள்பட்டை வலியால் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டபின், ஒருநாள் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது டொக்டர் சொன்னதைத் தாய்க்கும் தாய் சொன்னதை டொக்டருக்கும் எடுத்துச் சொன்னாள். டொக்டர் அவளை அடுத்த கிளினிக்குக்கும் வரச் சொன்னார். அன்று தொடங்கியது. சம்பளம் கிடையாது. "சம்பளமில்லாத கண்டாக்கு வேல," என்று தோட்டத்து மேற்பார்வையாளரைச் சொல்லி அவள் கணவன் கேலி செய்வான். ஆனால் தோட்டத்தில் யாரும் எதையும் நேராகப் போய்ப் பேசுவதில்லை. தோட்டத்துத் துரையிடம் பேசச் சங்கத் தலைவர், டொக்டரிடம் பேசப் பூரணி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கும்போதே பெண்கள், "நாளைக்கி ஆஸ்பத்திரியில இருப்பீங்கதானக்கா?" என்று கேட்டுவைத்துக்கொள்வார்கள். அந்தக் கேள்விக்காகவே அவள் காய்ச்சலோடும் போயிருக்கிறாள்.

இந்த வருஷம்தான் டெல்சி வந்தாள். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மாஸ்டர் ஒருவரின் மகள். நோயாளிகள் ஆஸ்பத்திரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, யார் சொன்னது என்று பெயர் சொல்லாமல் ஆஸ்பத்திரியின் மாதக் கூட்டத்தில் எடுத்துச் சொல்வது அவள் ஏற்றுக்கொண்ட தொண்டு. கிளினிக் நாட்களில் பஸ்ஸில் வருவாள், பின்னேர பஸ்ஸில் போய்விடுவாள்.

முதல் நாள் பூரணிதான் அவளைக் கூட்டிப்போய் எல்லோருக்கும் காட்டினாள். "இது டெல்சி, நம்ம புள்ளதான், கூச்சப்படாம பேசுங்க," என்றாள். இப்போது அந்த வார்த்தைகளை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

அடுத்த கிளினிக் நாளில் டெல்சி வரவில்லை. மழையில் பாதை சரிந்து பஸ் ஓடவில்லை என்றார்கள். பூரணிக்கு உள்ளே லேசாக ஒரு சந்தோஷம். டொக்டர் சாப்பிட எழுந்ததும் அவள் கடையில் கடலை வாங்கிக்கொண்டு போய் அந்த அரைச்சுவரில், டெல்சி உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்கள்.

"என்னாங்கக்கா, நீங்க இங்க? டொக்டரு வெரட்டிட்டாரா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பூரணியும் சிரித்தாள்.

கடலையைச் சுற்றிக் கொடுத்தாள். டெல்சி செய்வதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு, "அப்பறம், ஒடம்பெல்லாம் எப்புடி?" என்று கேட்டாள். "நல்லாருக்கோம்கா." மழையைப் பற்றிப் பேசினார்கள். கேஸ் சிலிண்டர் கிடைக்காததைப் பற்றிப் பேசினார்கள். யாருடைய மகள் ஓ.எல். பரீட்சையில் நன்றாகச் செய்தாள் என்று பேசினார்கள். கடலை தீர்ந்தது. பேச்சும் நின்றது. பிறகு ஒரு சின்னப் பெண், "டெல்சி அக்கா இன்னைக்கி வரலியா?" என்று பாதையின் வளைவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பூரணி எழுந்து சேலையில் ஒட்டிய கடலைத் தோலைத் தட்டிவிட்டாள்.

மாதக் கூட்டம், காலியாகக் கிடந்த பழைய பிரசவ வார்டில் நடந்தது. டொக்டர், நர்ஸ் மிஸ்மார், ஆஸ்பத்திரி உதவிக் குழுவின் செயலாளர் யோகேஸ்வரன், பூரணி, டெல்சி. யோகேஸ்வரனுக்குக் கடைவீதியில் கடை இருந்தது. பால் டொபி இனிப்புத் தட்டு அவர் உபயம். டொக்டர் அந்தத் தட்டை முதலில் டெல்சியின் பக்கம் தள்ளியதைப் பூரணி பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

டெல்சி எழுந்து பேசினாள். தமிழில் சொன்னதைத் தானே சிங்களத்திலும் சொன்னாள். நல்ல சிங்களம், பூரணியினுடையதைப்போல அடுப்படியில் கற்றதல்ல. மழையில் வரிசை நிற்கும் இடத்துக்குக் கூரை வேண்டும் என்றாள். குடிதண்ணீர்க் குழாய் வேண்டும் என்றாள். மருந்துப் பையில் எழுதுவது தமிழிலும் இருந்தால் நல்லது என்றாள். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"இன்னொன்னு. பேர் சொல்ல வேணாம்னு கேட்டிருக்காங்க. தங்களுக்காகப் பேசுறவங்க மேல ரொம்ப மரியாத வெச்சிருக்காங்க. ஆனா சில நேரம் தாங்க சொல்றது ஒன்னு, டொக்டருக்குப் போறது வேற ஒன்னுன்னு சொல்றாங்க. பொம்பளைங்க விஷயத்துல முக்கியமா. வரிசையில எல்லாருக்கும் கேக்குற மாதிரி இருக்கிறதும் கஷ்டமா இருக்குன்னாங்க."

அவர்களுக்காகப் பேசுகிறவர்கள் என்று பன்மையில் சொன்னாள். அந்த ஆஸ்பத்திரியில் அந்த வேலைக்கு ஒருத்திதான் இருந்தாள். யாரும் பூரணியைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்காமல் இருந்தார்கள். டொக்டர் பேனாவை மூடி, அடுத்த மாதத்திலிருந்து பெண்கள் தனியாகப் பேச ஓர் அறையை ஒதுக்கலாமா, டெல்சி அங்கே உட்கார முடியுமா என்று கேட்டார். முடிவை அடுத்த கூட்டத்தில் எடுக்கலாம் என்று யோகேஸ்வரன் அவசரமாகச் சொன்னார்.

வீடு வரும்வரை பூரணி தன்னோடு வாதாடிக்கொண்டே வந்தாள். பொய், எல்லாம் அவளாகச் சேர்த்துச் சொன்னது. என் நாற்காலிதான் அவளுக்கு வேண்டும். ஒருத்திகூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் அரைச்சுவரில் குனிந்திருந்த ஜெயந்தினியின் முதுகு கண்ணை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் விழும் பீலிக்கரையில் ஜெயந்தினி கம்பளி துவைத்துக்கொண்டிருந்தாள். பூரணி தன் வாளியை வைத்துவிட்டு, கம்பளியின் மறுமுனையைப் பிடித்துப் பிழியக் கொடுத்தாள்.

"அந்தப் புள்ளகிட்ட நீ என்னா சொன்ன?"

ஜெயந்தினியின் கை நின்றது. "எந்தப் புள்ளக்கா?"

"நடிக்காத."

"எனக்குக் கீழ எறங்குற மாதிரி இருக்குதுன்னு ஒங்ககிட்டச் சொன்னேன்ல," என்றாள் ஜெயந்தினி. "கொழுந்துக் கூடயத் தூக்குனா கூடிப்போவுது, உக்கார முடியலன்னு. நீங்க டொக்டருகிட்ட 'பட ரிதெனவா'ன்னு சொன்னீங்க. வயித்து வலின்னு."

"ஒனக்குச் சிங்களம் தெரியுமா?"

"பேசத்தான்கா வராது. கடையில சாமான் வாங்குறோம், பஸ்ஸுல போறோம். வயிறு எது, மத்தது எதுன்னு தெரியாமலா இருக்கும்?" ஜெயந்தினி சிரிக்கப் பார்த்தாள். "வயித்துக்கு மாத்தர குடுத்தாங்க. ஒங்க மனசு நோவக் கூடாதுன்னு அதையும் முழுங்குனேன். மறுபடி போனேன். மறுபடியும் வயித்து வலின்னீங்க."

பூரணிக்கு அந்த நாள் நினைவிருந்தது. ஆண் டொக்டர். வரிசையில் அடுத்ததாகத் தோட்டத்து மாயாண்டி, காதை நீட்டிக்கொண்டு. அந்தச் சொல்லை அங்கே வைத்துச் சொல்வதா? பெண்களின் நோய் எதுவானாலும் அவள் வயிற்றுக்கு ஏற்றிவிடுவாள். அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது, ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவள் நிறைவாகக்கூட நினைத்தாள்.

"டெல்சி அக்கா நர்ஸ் மிஸ்கிட்டக் கூட்டிப்போச்சு. கர்ப்பப்பை எறங்கியிருக்காம். நுவரெலியா கிளினிக்குக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதிக் குடுத்திருக்காங்க."

"அத ஏன் எங்கிட்டச் சொல்லல? நீ சொன்னது மாறிப்போச்சுன்னு என் மொகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்ககிட்ட எப்புடிக்கா சொல்றது?" என்றாள் ஜெயந்தினி, குழந்தைக்குச் சொல்வதுபோல. "காலையில எந்திரிச்சா ஒங்க மொகத்துலதான முழிக்கணும். அது அஞ்சு மணி பஸ்ஸுல போயிரும்."

பூரணி கம்பளியை முறுக்கினாள். தண்ணீர் கணுக்கை வழியாக ஓடி முழங்கையில் சொட்டியது. டெல்சியின் பொறுமையையோ படிப்பையோ பற்றி ஜெயந்தினி ஏதாவது சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அஞ்சு மணி பஸ்ஸுக்கு என்ன பதில் சொல்வது? அவளைப்போலச் சிரிக்கப் பழகலாம், தலையைச் சாய்க்கப் பழகலாம். இந்த லயத்தில் இருந்துகொண்டு அந்நியமாவதற்கு எங்கே போய்ப் பழகுவது? முன்பைவிட இப்போதுதான் அவளுக்கு டெல்சியைப் பிடிக்காமல் போனது.

அன்று பின்னேரம் யோகேஸ்வரன் வந்தார். கையில் பெரிய பிஸ்கட் பக்கெட். பூரணி கதிரையைத் துடைத்துப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"அந்தப் பேச்சு மேலிடத்துக்குப் போனா நம்ம குழுவுக்கே அசிங்கம் தங்கச்சி," என்றார். "இத்தன வருஷம் நீ ஒழைச்ச. எங்கிருந்தோ வந்தவ ஒரே கூட்டத்துல கவுத்துட்டா. பாத்துக்கிட்டு இருக்கவா சொல்ற?"

அந்த வார்த்தைகள் பூரணிக்கு வேண்டியிருந்தன. யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் ஏங்கிய வார்த்தைகள்.

"பெருசா ஒன்னும் வேணாம். ஒங்க லயத்துப் பொம்பளைங்கள அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிக்கிட்டு வா. நாங்க அப்புடி ஒன்னும் சொல்லல, அந்தப் புள்ளையா சொல்லிக்கிச்சுன்னு சொன்னாப் போதும். அதோட அது பஸ் ஏறிடும். ஜெயந்தினி ஒருத்தி சொன்னாலே போதும். ஒன் பேச்ச அவ தட்ட மாட்டா."

தட்ட மாட்டாள்தான். பூரணிக்கு அது நன்றாகத் தெரியும். அரைச்சுவரில் டெல்சி இல்லாத ஒரு கிளினிக் நாளை அவள் நினைத்துப் பார்த்தாள். தொண்டையில் கருப்பட்டி கரைவதுபோல் இருந்தது. பெண்கள் மறுபடியும் அவளைத் தேடுவார்கள். டொக்டர் மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார். அந்த இனிப்பை அவள் அவசரப்படாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, ஜெயந்தினி கூட்டத்தில் எழுந்து நிற்பதைப் பார்த்தாள். பிள்ளைகளைக் கூப்பிடும்போது சுவரைத் தாண்டிக் கேட்கும் அந்தக் குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு, நான் ஒன்னும் சொல்லலீங்க என்கிறாள். சொல்லிவிட்டு உட்காருகிறாள். எவ்வளவு முயன்றும், அதற்குப் பிறகு ஜெயந்தினி தன் பக்கம் குனிந்து எதையும் சொல்வதுபோல் பூரணியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டெல்சியிடம் அவள் பார்த்துப் பொறாமைப்பட்டது அந்தக் குனிதலைத்தான். யோகேஸ்வரன் சொல்கிறபடி செய்தால் நாற்காலி கிடைக்கும், வரிசை கிடைக்கும். அது மட்டும் கிடைக்காது.

"என்னா தங்கச்சி, ஜெயந்தினியக் கூப்புடுறியா? நானே சொல்றேன்."

"வேணாம்ண்ணே," என்றாள். "நான் அவகிட்டக் கேக்க மாட்டேன்."

"நீ கேக்க வேணாம். சும்மா பக்கத்துல நில்லு."

"நிக்கவும் மாட்டேன்."

யோகேஸ்வரன் அவளை வினோதமாகப் பார்த்தார். "அந்தப் புள்ள மேல அவ்வளவு பாசமோ?"

"பாசமா? அவளப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"பின்ன என்னா? நாற்காலி போயிரும், சொல்லிட்டேன்."

"போகட்டும்ண்ணே."

அவர் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தார், அவள் மனம் மாறிவிடும் என்பதுபோல. கோப்பையில் மிச்சமிருந்த தேத்தண்ணியை அவர் குடித்து முடிக்கும்வரை பூரணி காத்திருந்தாள். அவர் எழுந்ததும், பிரிக்காத பிஸ்கட் பக்கெட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.