செவ்வந்தி மாலை போட்ட சர்வர்

சர்வரின் சூடு தொண்ணூற்றாறு டிகிரி என்று திரை காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சாணார்பட்டிப் பக்கத்து இந்த நூல்மில்லில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைத் துரத்திய மேனேஜர் பாண்டியராஜ் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றான். ஒரு வாரமாக சர்வர் மந்தமாம். கேட்டிலுள்ள ரேகை மெஷினில் ஒருத்தி விரலை வைத்தால் வருகை பதிய ஒரு நிமிஷம் ஆகிறதாம். யார் யாரையோ கூட்டிவந்து காட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் எனக்குப் போன் போட்டிருந்தான்.

கேபிளில் கோளாறு இல்லை, டிஸ்க்கிலும் இல்லை. பெட்டியின் முகப்பைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஆயுத பூஜைக்குக் காற்றுத் துளைகள் மேலேயே சந்தனத்தை அப்பி, செவ்வந்தி மாலை சாத்தியிருந்தார்கள். சந்தனம் காய்ந்து துளைகளை அடைத்துவிட்டது. உதிர்ந்த இதழ்களை விசிறி உள்ளே இழுத்து வைத்திருந்தது. சூடு தாங்காத சர்வர், எரிந்துபோகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது.

"மாலை யாரு சார் போட்டது?"

"நாந்தான். அடுத்த பூஜை வரைக்கும் யாரும் கழட்டக் கூடாதுன்னு சொல்லிருக்கேன்," என்றான் பெருமையாக.

இரண்டு வருஷம் முன்பும் இதே ஆயுத பூஜைதான். சீரியல் விளக்குப் போட இவன் சர்வர் பிளக்கைப் பிடுங்கினான். ஒரு மாத வருகைப் பதிவு போயிற்று. வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் என்னைத்தான் ஏசினார்கள். 'கவனக்குறைவால் நீக்கம்' என்று என் பணி அனுபவக் கடிதத்தில் எழுதிக் கொடுத்தான். அந்த ஒரு வரியைப் பார்த்து எந்த மில்லும் என்னைச் சேர்க்கவில்லை. இப்போது வீடு வீடாகக் கேமரா மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கோளாறு தெரிஞ்சிருச்சு சார். மொதல்ல என் கடிதத்த மாத்துங்க. பிளக்கப் புடுங்குனது நீங்கதான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"இப்பப் போயி அதப் பேசுறியே செல்வி. மொதல்ல இதச் சரி பண்ணு."

"அவசரம் உங்களுக்குத்தான்."

அவன் நெற்றி வியர்த்தது. நன்றாக வியர்க்கட்டும், அதைப் பார்க்கத்தானே வந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே கேட் வரிசையிலிருந்து நாகஜோதி கூப்பிட்டாள். நான் வேலையை விட்டுப் போன அன்று கேட் வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, செத்த பாருங்கக்கா. எட்டு தாண்டிட்டா அரை நாளு சம்பளம் போயிரும். அம்புட்டுப் பேரும் கால் கடுக்க நிக்கிறோம்."

மணி ஏழு இருபது. என் பழிக்கு இவள் ஏன் நிற்க வேண்டும்? சர்வரை நிறுத்தி, மாலையைக் கழற்றி, சந்தனத்தைச் சுரண்டி, விசிறியைத் துடைத்து ஓடவிட்டேன். பத்து நிமிஷ வேலை.

பிறகு மாலையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். பாண்டியராஜ் பதறிப் பின்னாலேயே வந்தான். எல்லார் கண்ணிலும் படும்படி மாலையை உயர்த்திப் பிடித்தேன்.

"ஒரு வாரமா உங்கள நிக்க வச்சது இந்த மாலை. அன்னைக்கு உங்க பதிவ அழிச்சது சீரியல் லைட்டு. ரெண்டும் சார் கைதான், என் கை இல்ல."

பையிலிருந்து பழைய கடிதத்தையும் பேனாவையும் எடுத்து அவன் முன்னால் நீட்டினேன். வாங்கவில்லை.

நாகஜோதி விரலை வைத்தாள். உடனே பீப் சத்தம். உள்ளே போகாமல் அவன் முகத்தை நின்று பார்த்தாள், பிறகு போனாள். அடுத்தவளும் விரலை வைத்தாள், பார்த்தாள், போனாள். வரிசையில் இன்னும் இருநூறு பேர் இருந்தார்கள். நான் பேனாவை நீட்டியபடியே நின்றேன்.