விறகு மட்டும்

விறகில் சமைக்கும் கடைகளுக்குப் பலகை கொடுக்கும் சங்கத்தின் ஆள் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பத்தரைக்கே அடுப்புக் கொட்டகையில் கார்லண்ட் மாய் விறகை அள்ளிப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். முதலாளி தன் கையால் நெருப்பு மூட்டி இருபது வருசம் இருக்கும். கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் கொட்டியது.

கடையில் பன்றி சுடும் லோனி ஸ்பைட் வாசலில் நின்று பார்த்தார். வலது தோளில் கத்தி வைத்து ஆறு மாதம் ஆகிறது. அந்தக் கை காதுக்கு மேல் ஏறாது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்திலேயே கார்லண்ட் கேஸ் அடுப்பு இரண்டை இறக்கிவிட்டார். "உன் தோள் சரியாகுற வரைக்கும்தான்" என்றார். தோள் ஓரளவு சரியானது. கேஸ் போகவில்லை. கடை வாசலில் 'விறகு மட்டும்' என்ற பலகையும் போகவில்லை. நாற்பது மைல் தாண்டி ஆட்கள் வருவது அந்தப் பலகையைப் பார்த்துத்தான். அதற்குக் கீழே இருந்த லோனியின் பெயரைப் பார்த்தும்தான்.

"கேஸ்ல வெந்த பன்னி ஒண்ணைத் தூக்கி இது மேல போட்டுட்டேன். அவன் வந்து பார்ப்பான், நீ பக்கத்துல நில்லு. ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்" என்றார் கார்லண்ட்.

"நீயே போடேன்."

"சமைக்கிறவன்தான் போடணுமாம். சங்கத்துச் சட்டம்." கார்லண்ட் குரலைத் தாழ்த்தினார். "லோனி, பலகை போச்சுன்னா ரெண்டு மாசத்துல கடையை மூடிருவேன். உள்ள பதினோரு பேர் வேலை பாக்குறாங்க. இந்தக் கையோட உன்னை எவன் வேலைக்கு வைப்பான்?"

கங்கு வாரும் மண்வாரி சுவரில் சாய்ந்திருந்தது. தினமும் நெருப்பில் புழங்கும் மண்வாரியின் விளிம்பு நீலம் பாய்ந்து பளபளக்கும். இதில் துரு ஏறியிருந்தது. கார்லண்ட் கவனிக்கவில்லை. லோனி காலையிலேயே கவனித்தார். துடைக்க மறந்துவிட்டார் என்று சொன்னால் அது பொய்.

வந்தவன் பெயர் ஹாய்ல் லெனர்ட். நாற்பது வயது இருக்கும். காரை விட்டு இறங்கியதும் ஊரைச் சொன்னான். லெக்சிங்டன். மாநிலத்தின் மேற்குப் பக்கத்து ஊர்; அங்கே முழுப் பன்றி கிடையாது, தோள்பட்டையை மட்டும் சுட்டு வினிகரில் தக்காளியும் கலப்பார்கள்.

கடைக்குள் ஒரே சிரிப்பு. கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் வெர்னன் டாட் உட்கார்ந்திருந்தார். முப்பது வருசமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் அதே நாற்காலி.

"லெக்சிங்டன்காரனா நம்ம பன்னிக்கு மார்க் போடப்போறான்? ஏம்பா, உங்க ஊர்ல பன்னிக்குத் தோள்பட்டை மட்டும்தான் இருக்கோ? மிச்சத்த என்ன பண்ணுவீங்க, பொதைச்சிருவீங்களா?"

"உங்களுக்கு அனுப்பிருவோம் ஐயா. நீங்கதான் மூக்குலேர்ந்து வாலு வரைக்கும் ஒண்ணாக் கொத்திச் சாப்பிடுறவங்களாச்சே."

"கொத்தினாலும் வினிகர்தான் ஊத்துறோம். கெச்சப் இல்ல!"

மேசையெல்லாம் தட்டினார்கள். லோனிக்குச் சிரிப்பு வரவில்லை. தக்காளியைக் கலந்து வினிகரைக் கெடுக்கிற மேற்கத்திக்காரர்களுக்கு நாக்கே கிடையாது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தவர் அவர். அப்படிப்பட்ட ஒருவனின் தீர்ப்புக்கு இன்று அவர் காத்து நின்றார்.

கார்லண்டே தட்டைக் கொண்டுவந்து வைத்தார். கொத்திய இறைச்சி, சோள ரொட்டி, வெள்ளைக் கோஸ் சாலட். ஹாய்ல் வினிகர் புட்டியைத் தொடவில்லை. ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றான். முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். அதற்குப் பிறகு அதை எடுக்கவில்லை.

"கொட்டகையப் பாக்கலாமா அண்ணே?"

கொட்டகையில் புகை நிறைய இருந்தது. ஹாய்ல் நெருப்பைப் பார்த்தான், மேலே கிடந்த பன்றியைப் பார்த்தான். பிறகு மண்வாரியை எடுத்து விளிம்பில் விரலை ஓட்டினான். விரலில் துரு ஒட்டியது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

கார்லண்ட் வாசலில் நின்று ஈரமான கண்ணோடு சிரித்தார். "எப்படி?"

"நல்ல நெருப்பு" என்றான் ஹாய்ல்.

திரும்பி நடக்கும்போது கார்லண்ட் முன்னால் போய்விட்டார். லோனி தணிந்த குரலில் கேட்டார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"மொத வாயிலேயே. கொழுப்பு கங்குல சொட்டி ஒரு புகை வரும் பாருங்க, அது இல்ல. எங்கப்பாவும் விறகு அடுப்புக்காரர்தான் அண்ணே."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்ல வேண்டியது நான் இல்லையே. நீங்க கையெழுத்துப் போட்டா நானும் போட்டுட்டுப் போயிருவேன். லெக்சிங்டன்காரன் வந்து கிழக்குக் கடையோட பலகையப் புடுங்கிட்டான்னா என்னை உயிரோட விடுவாங்களா?"

கல்லாமேல் தாள் விரிந்தது. ஹாய்ல் பேனாவை நீட்டினான். லோனி இடது கையால் வாங்கினார். கார்லண்டின் மூச்சு பிடரியில் பட்டது. போட்டுவிடலாம் என்றுதான் லோனி நினைத்தார். பதினோரு பேர். அவரோடு பன்னிரண்டு. பேனா முனை தாளில் பட்டுவிட்டது.

"போடு லோனி, எதுக்கு யோசிக்கிற?" வெர்னன் வாய் நிறைய இறைச்சியோடு கத்தினார். "முப்பது வருசமாத் தின்னுறேன். உன் பன்னிய எனக்குத் தெரியாதா? கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்!"

லோனி பேனாவை வைத்தார்.

"நீ ஆறு மாசமாத் தின்னது கேஸ்ல வெந்தது, வெர்னன். இப்ப வாயில இருக்கிறதும் அதுதான்."

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். கார்லண்ட் லோனியின் கையைப் பிடித்தார், அதுவும் வலது கையை. "வெளிய போ. இப்பவே போ." வலி தோளிலிருந்து கழுத்துக்கு ஏறியது. லோனி கையை உருவிக்கொண்டார்.

ஹாய்ல் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். தலையைக்கூட ஆட்டாமல் காருக்குப் போனான்.

"பொய்" என்றார் வெர்னன். அவர் முகம் வெளுத்திருந்தது. "எனக்குத் தெரியாமப் போயிருக்குமா? இந்த லெக்சிங்டன்காரன் உன்னை என்னமோ பண்ணிட்டான்."

"அவன் ஒரு வாய்தான் தின்னான்."

லோனி ஏப்ரனை அவிழ்த்தார். முடிச்சு முதுகுப்பக்கம் இருந்தது. ஒரு கையால் அவிழ்க்க நேரம் பிடித்தது. யாரும் உதவ எழவில்லை. ஆணியில் மாட்டிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

வெர்னன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வினிகர் புட்டியை எடுத்துக் கொஞ்சம் தெளித்தார். மீதியையும் தின்றார்.