சலவைக்கூடத்துக்கு டீம் வந்த கதை

டீம் என்ற சொல் சலவைக்கூடத்துக்குள் நுழைந்த காலையில், அங்கே வேலை பார்த்த ஐந்து பேரும் ஒருவரை விட்டு ஒருவர் ஒரு போர்வை நீளத்துக்கு மேல் விலக முடியாமல் போனார்கள். அதுவரை அந்த ஊரில் டீம் என்றால் பந்து விளையாடுகிறவர்கள்தான். ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். முதலாளியின் மருமகன் வெளியூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து, "இனிமே நீங்க வேலைக்காரங்க இல்ல, ஒரே டீம்!" என்று கைதட்டினார். சம்பளம் கூடப்போகிறது என்று நினைத்து அவர்களும் கைதட்டித் தொலைத்தார்கள். பிறகு துவைக்கிறவர் டீ குடிக்கக் கிளம்ப, இஸ்திரி போடுகிறவள், மடிக்கிறவர், கறை எடுக்கிற அக்கா, வேன் டிரைவர் எல்லோரும் அவர் பின்னால் இழுபட்டுப் போனார்கள்.

மற்றவர்களுக்கு அது தொந்தரவு. இஸ்திரிக்காரிக்கோ தலைபோகிற விஷயம். அடுத்த மாதம் அவளுக்கும் பேக்கரிக்காரனுக்கும் கல்யாணம். படுத்தால் யார் காலாவது முகத்தில் படுகிற வீட்டில் வளர்ந்தவள், தானும் அவனும் மட்டும் இருக்கப்போகிற ஒற்றை அறைக்குத் திரைச்சீலைகூட வாங்கி வைத்திருந்தாள். "கல்யாணம் உன்னோடயா, உங்க சலவைக்கூடத்தோடயா?" என்று அவன் கேட்டபோது, பக்கத்தில் நின்ற நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துடைத்துக்கொள்ள அக்கா துண்டை நீட்டினாள்.

மருமகன் சொல்லை மாற்றிப் பார்த்தார். குரூப் என்றார், ஐந்து பேரும் பிரிந்து வீட்டுக்குப் போனார்கள், ஆனால் விடியற்காலையிலிருந்து அவரவர் வீட்டு ஜன்னல் வழியே ஒருவருக்கொருவர் காலை வணக்கம் கத்திக்கொண்டே இருந்தார்கள், நிறுத்த முடியவில்லை. கேங் என்றார், வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. வம்பே வேண்டாம் என்று பழையபடி டீம் என்றார். விசில்கூட ஊதிப் பார்த்தார்கள். விளையாடுகிற டீமுக்குத்தான் ஆட்டம் முடியும், வேலை செய்கிற டீமுக்கு ஏது முடிவு?

இதற்குள் அந்தச் சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது. தனியாளாக உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்கிறவர்கூட, "எங்க டீம் பாத்துக்கும்" என்றார். பேக்கரிக்கு வந்த ஒரு தம்பதி தங்களையே டீம் என்று சொல்லிக்கொண்டதைப் பேக்கரிக்காரன் காதில் வாங்கிக்கொண்டான். கல்யாணத்தன்று, மாலையும் கழுத்துமாக நின்ற இஸ்திரிக்காரியிடம், "இனிமே நீயும் நானும்தான் டீம், சரியா?" என்றான். அவள் "சரி" என்றதும், அவளை ஒட்டி நின்ற நான்கு பேரும் தடுமாறிப் பின்னால் போய் விருந்தாளிகள் மடியில் விழுந்தார்கள். அவள் சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்றிலிருந்து அவள் அவனோடு ஒட்டிக்கொண்டாள். இஸ்திரி மேஜை பேக்கரிக்கு வந்துவிட்டது. ஊர்ச் சட்டைகளில் பன் வாசனை அடிக்கிறது, யாரும் குறை சொல்வதில்லை. சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள். பின்னாலேயே அவனும் போய்ச் சேருகிறான். அம்மா இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாள்.