தங்கதுரையின் கண்டனம்

எந்த ஊரில் குண்டு வெடித்தாலும் கச்சிராயபாளையம் கடைத்தெருவில் முதல் கண்டனம் தங்கதுரையுடையதுதான். உரக்கடை வைத்திருந்தார், வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். செய்தி வந்த கையோடு பிளெக்ஸுக்குச் சொல்லிவிடுவார். செத்தவர்கள் படம் சின்னதாக, இவர் படம் பெரியதாக. அடுத்து செல்போனும் கையுமாகப் பாத்திரக்கடை கலீலுல்லாவிடம் போய் நிற்பார்.

குண்டு வைத்தவன் யாரென்று போலீசுக்கே தெரியாதபோதும் கலீலுல்லா பதில் சொல்லியாக வேண்டும். அந்த மனிதர் சேலத்தைத் தாண்டிப் போனதில்லை. இருந்தாலும் குடங்களுக்கு நடுவில் நின்று, தங்கதுரை சொல்லிக்கொடுத்ததை வீடியோவில் ஒப்பிப்பார். போன வருஷம் வடக்கே எங்கோ பஸ்ஸில் வெடித்தபோது, வைத்தவனுக்கு என்ன வயிற்றெரிச்சலோ என்று டீக்கடையில் ஒரு வாத்தியார் முனகினார். தங்கதுரை அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். காரணம் தேடுகிறவனும் குண்டு வைக்கிறவனும் ஒன்றுதான் என்றார். கடைத்தெரு கைதட்டியது.

இந்த ஆடியில் குண்டு உள்ளூருக்கே வந்தது. கள்ளக்குறிச்சி டவுன் பஸ்ஸில், சீட்டுக்கடியில், மஞ்சப்பையில் இருந்தது. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்கு வைக்கிற நாட்டு வெடிதான். பூக்காரி சின்னப்பொண்ணு அங்கேயே செத்துப்போனாள். காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த கலீலுல்லாவின் மகள் சபாவுக்கு வலது காது கேட்காமல் போயிற்று. வைத்தவன் தங்கதுரையின் மச்சினன் பழனி.

அன்றிலிருந்து தங்கதுரைக்குக் காரணங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. பைபாஸ் ரோடு பழனியின் கிணற்றையும் தென்னந்தோப்பையும் விழுங்கிவிட்டது. கலெக்டர் ஆபீசுக்கு நடந்தே அவன் செருப்பு தேய்ந்தது. ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதெல்லாம் உண்மைதான், ஒரு வார்த்தை பொய்யில்லை. ரோடு போட்டவன் எவனும் அந்த பஸ்ஸில் போகவில்லை என்பது மட்டும் அவர் வாயில் வரவில்லை. பிளெக்ஸும் வரவில்லை.

தம்பி பழனி ஜெயிலுக்குப் போனதிலிருந்து அவர் மனைவி தேவிப்ரியா அடுப்பு மூட்டவில்லை, அவரோடு பேசவும் இல்லை. காயம்பட்டவர்கள் எதிர்க்காமல் இருந்தால் ஜாமீன் கிடைக்கலாம் என்றார் வக்கீல். சின்னப்பொண்ணுவுக்காகக் கேட்க ஆளில்லை, அது ஒரு வசதி. பாக்கி இருந்தது கலீலுல்லாதான். ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு தங்கதுரை அவர் வீட்டுக்குப் போனார்.

கலீலுல்லாவின் மனைவி அஸ்ரப் நிஷா நாற்காலி போட்டாள், டீ கொடுக்கவில்லை. சபா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தங்கதுரை கிணற்றில் ஆரம்பித்து, தென்னையில் ஏறி, கலெக்டர் ஆபீஸில் இறங்கினார். சொல்லச் சொல்ல அவருக்கே கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

"அவனும் மனுசன்தானே பாய். எவ்ளோ வெந்து போயிருந்தா இப்டி பண்ணியிருப்பான்? கொஞ்சம் புரிஞ்சிக்கினு, நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

கலீலுல்லா பழப்பையை அவர் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"கெணறு போனா வயிறு எரியும்ங்க. அது எனக்குப் புரியுது," என்றார். "ஆனா நான் சொல்ல வேண்டிய வார்த்தய போன வருசமே சொல்லிட்டேனே தலைவரே. உங்க போன்ல இருக்குது, போடுங்க. சபாவும் கேக்கட்டும்."

தங்கதுரை சட்டைப் பையைத் தொடவில்லை. அவசியமும் இல்லை, ஊர் முழுக்க அனுப்பி வைத்தவரே அவர்தான். சபா தன் போனில் தேடிப் போட்டாள். குடங்களுக்கு நடுவில் கலீலுல்லா நின்றார்.

"காரணம் இன்னாவா வேணா இருக்கட்டும். பஸ்ல போனவங்க இன்னா பாவம் பண்ணாங்க?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து தங்கதுரையின் குரல் அதட்டியது.

"இன்னும் சத்தமா சொல்லுங்க பாய். எல்லாருக்கும் கேக்கணும்."

சபா போனை இடது காதுப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டினாள்.