ஞாரக்கல்லில் நின்ற புள்ளி

என் தம்பி பினுவுக்குக் கடல் ஆகாது. வைப்பின் தீவுக்குப் போகிற படகில் கால் வைத்தாலே முகம் வெளுத்துவிடும். அவனைப் பிடித்து மீன் வள்ளத்தில் ஏற்றி அனுப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்குத் துறைமுகத்தில் என்னைப் பற்றி வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள்.

2005 ஆகஸ்ட் மாதம். 'ஆப்' என்கிற சொல் அப்போது எங்கள் யார் வாயிலும் கிடையாது, போனில் ஓடுகிற புரோகிராம் என்றுதான் சொல்வோம். கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்குக்கு மேலே, மூன்று மேஜையும் ஒரு மின்விசிறியுமாக எங்கள் கம்பெனி. முதலாளி சிவசங்கரன் சார் பாலக்காட்டுக்காரர். நல்ல மனுஷர், ஆனால் எதுவும் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் அவருக்கு. என் அம்மா முனிசிபாலிட்டியில் தெருக்கூட்டுகிறவள். அதே பஜார் ரோட்டை அவள் கூட்டிவிட்டுப் போன பிறகு நான் மாடியேறிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கோபம் அதைவிட அதிகம்.

நான் எழுதிய புரோகிராம் இதுதான். வள்ளத்தில் ஒரு போன் இருக்கும். அது எந்த டவரைப் பிடித்திருக்கிறதோ அந்த டவரின் எண்ணையும், பாட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்பதையும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தானாகவே எஸ்எம்எஸ் அனுப்பும். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் அதை வாங்கி, கரையோரப் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். வள்ளம் எங்கே வருகிறது என்று தெரிந்தால் தோப்பும்படி துறைமுகத்தில் ஏலக்காரர்கள் தயாராக நிற்கலாம். எந்த எண் எந்த ஊர் டவர் என்று கண்டுபிடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்கூட்டரில் கரையோர ரோடு முழுக்க அலைந்து நோட்டில் எழுதியிருந்தேன்.

சோதித்துப் பார்க்க ஔசேப்பு சேட்டன் தன் ஃபைபர் வள்ளத்தைத் தருவதாகச் சொன்னார். அவரிடம் போனைக் கொடுத்தால் மீன் கூடையில் போட்டுவிடுவார் என்று எனக்குப் பயம். தோப்பும்படி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்த பினுவைக் கூப்பிட்டேன். "ஒரே ஒரு நாள் போயிட்டு வாடா. வாந்தி வந்தா எடுக்கறதுக்கு அவ்வளவு பெரிய கடல் இருக்கே" என்றேன். அவன் போனைப் பாலிதீன் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினான்.

காலை பத்து ஐந்துக்கு அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, எஞ்சின் நின்னுபோச்சு. அடியிலெ எங்கேயோ விட்டிருக்கு, வெள்ளம் உள்ளே கேறுது. நல்ல மழை, கரை காணலே. எங்கெ இருக்கோம்னு—"

பெரிய சத்தம் ஒன்று. அப்புறம் எதுவும் இல்லை. திரும்ப அடித்தேன், மணி போனது, எடுக்கவில்லை. உப்புத் தண்ணீர் புகுந்து பட்டன்கள் வேலை செய்யவில்லை போலிருக்கிறது. ஆனால் பத்து பத்துக்கு, கம்ப்யூட்டரோடு கட்டியிருந்த ஆபீஸ் போன் 'டிங்' என்றது. எஸ்எம்எஸ். டவர் எண், பாட்டரி 61.

"பாத்தியா, ஓடறது! நம்ம புரோகிராம் ஓடறது!" என்றார் சிவசங்கரன் சார்.

"சார், அதுக்குள்ளே என் தம்பி இருக்கான்."

அவர் முகம் சட்டென்று விழுந்துவிட்டது. பாவம், அவருக்கும் வேண்டிய பையன்தான் பினு. கடலோரக் காவலுக்கு அவரே போன் செய்தார். எங்கே தேட வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். நான் எங்கள் சந்தில் குடியிருக்கிற பிஜு சேட்டனைக் கூப்பிட்டேன். அவர் ஒரு மீன்பிடி போட்டின் டிரைவர், அன்றைக்குத் தோப்பும்படியில்தான் கட்டியிருந்தார். அவரும் அதையேதான் கேட்டார்.

திரையைப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி வடக்கே, வைப்பின் தீவில், ஞாரக்கல்லில் நின்றது.

"ஞாரக்கல்லுக்கு நேரே வெளியே, சேட்டா."

"உறப்பா?"

"கண்ணாலே பாத்துட்டுதான் சொல்றேன். நான் எழுதினது, தப்பாது."

பதினொன்றே காலுக்குப் பிஜு சேட்டனின் போட்டு கப்பல்கள் நுழைகிற அழிமுகத்தைத் தாண்டி வடக்கே திரும்பியது. காவல்காரர்களும் அங்கேயேதான் போனார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு 'டிங்'. 47. 43. 40. சிக்னல் மோசமாக இருந்தால் போன் தண்ணீர் மாதிரி சார்ஜ் குடிக்கும். அந்தச் சத்தம் ஒன்றுதான் அவன் இருக்கிறான் என்பதற்கு எனக்கு இருந்த சாட்சி. அது நின்றுபோனால் அவன் எங்கே என்று சொல்ல உலகத்தில் யாரும் இல்லை.

பன்னிரண்டே காலுக்குப் பிஜு சேட்டன் கூப்பிட்டார். "ஞாரக்கல்லும் தாண்டி வந்தாச்சு. ஒரு மரத்துண்டு கூட காணலே, மஞ்சுஷா."

"கண்ணைத் திறந்து பாருங்க சேட்டா! அங்கேதான் இருக்கான்!" என்று கத்தினேன். அந்த மனுஷர் தன் சொந்த வேலையை விட்டுவிட்டு அலைகிறார், நான் அவர் மேல் எரிந்து விழுகிறேன்.

பன்னிரண்டரைக்குப் பாட்டரி 24. புள்ளி ஞாரக்கல்லிலேயே நின்றது. காலை பத்து மணிக்கு எங்கே நின்றதோ அதே இடத்தில், ஒரு இழை நகராமல். எஞ்சின் இல்லாத வள்ளம். ஆகஸ்ட் மாதத்து நீரோட்டம். இரண்டரை மணி நேரமாக அது எப்படி ஒரே இடத்தில் நிற்கும்?

அதை நிற்க வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் இடப்பள்ளியிலிருந்து இரண்டு பணக்காரர்கள் புரோகிராமைப் பார்க்க வந்திருந்தார்கள். வைப்பின் படகில் கொடுத்தனுப்பியிருந்த போனின் புள்ளி அன்றைக்கு அங்கேயும் இங்கேயுமாகத் தாவிக்கொண்டிருந்தது. அவர்கள் போன பிறகு சார், "படம் துள்ளறது, மஞ்சு. பாக்கறவா என்ன நெனப்பா? கொஞ்சம் அடக்கி வை" என்றார். ஏன் துள்ளுகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஏழெட்டு வரி எழுதி அடக்கிவிட்டேன். கடைசி ஒரு மணி நேரத்தில் எந்த டவர் அதிகமாக வந்திருக்கிறதோ அதுதான் சரி, நடுவே வருகிற வேறு எண்ணைக் கண்டுகொள்ளாதே என்று. புள்ளி அதற்குப் பிறகு சொன்ன பேச்சுக் கேட்டது. எல்லோரும் பாராட்டினார்கள், நானும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

கம்ப்யூட்டரிலிருந்து ஆபீஸ் போனைப் பிடுங்கி, வந்த எஸ்எம்எஸ்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஞாரக்கல், ஞாரக்கல், கண்ணமாலி, ஞாரக்கல், ஞாரக்கல், கண்ணமாலி. கண்ணமாலி அழிமுகத்துக்குத் தெற்கே இருக்கிறது. ஞாரக்கல்லிலிருந்து இருபது கிலோமீட்டர். ஐந்து நிமிஷத்தில் எந்த வள்ளமும் அவ்வளவு தூரம் போய்த் திரும்பாது. ரோட்டில் நின்று நான் எழுதிய நோட்டில், கட்டடமும் தென்னையும் மறிப்பதால் பக்கத்து டவர்தான் கிடைத்தது. கடலில் மறிக்க என்ன இருக்கிறது? தூரத்து டவரும் எட்டும், பக்கத்து டவரும் எட்டும். போன் மாறி மாறிப் பிடித்திருக்கிறது. கடைசியாக வந்த பத்தில் ஐந்து கண்ணமாலி. அவர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள், அதை அந்தப் போன் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. என் புரோகிராம்தான் காது கொடுக்கவில்லை.

சாரிடம் சொன்னேன். அவருக்கு வியர்த்துவிட்டது. "இப்போ மாத்திச் சொல்லி, அதுவும் தப்பாப் போனா? இன்னும் ரெண்டு மெசேஜ் வரட்டும். கொஞ்சம் பொறு."

"ரெண்டு மெசேஜ்னா பத்து நிமிஷம் சார்."

பிஜு சேட்டனைக் கூப்பிட்டேன். "சேட்டா, தெக்கே திரும்புங்க. கண்ணமாலி."

"எடீ, ஒண்ணரை மணிக்கூர் வீணாப் போச்சு! உறப்பா இது?"

"உறப்பில்லே. முன்னாடி சொன்னது என் தப்பு. இது சரின்னு தோணுது. போங்க சேட்டா, உங்க காலைப் பிடிக்கறேன்."

எஞ்சின் சத்தம் மாறியது கேட்டது. சாரும் காவலுக்குப் போன் செய்து அதையே சொன்னார்.

15. 11. 6. ஒன்று முப்பத்தைந்துக்கு 2 என்று வந்தது. ஒன்று நாற்பதுக்கு எதுவும் வரவில்லை. ஒன்று நாற்பத்தைந்துக்கும் வரவில்லை. சார் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஆபீஸ் போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பத்துக்கு என் போன் அடித்தது. "பினு கிட்டி, பத்திரமா இருக்கான்" என்றார் பிஜு சேட்டன். மாடிப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுது முடிக்கிற வரைக்கும் அவர் காத்திருந்தார். பிறகு, "ஔசேப்பு இல்லே, மஞ்சுஷா. கடல்லெ போயிட்டான்" என்றார்.

மூன்று மணிக்குத் தோப்பும்படி துறைமுகத்தில் பினுவைக் கொண்டுவந்து இறக்கினார்கள். யாரோ கொடுத்த போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கண்ணமாலிக்கும் தெற்கே, செல்லானத்துப் பக்கம் ஒரு பெரிய அலை ஔசேப்பு சேட்டனை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். காவல் படகும் வேறு நாலைந்து போட்டுகளும் அங்கே தேடப் போய்விட்டன. பிஜு சேட்டனும் அவனை இறக்கிவிட்டுத் திரும்ப அங்கேயே கிளம்பிக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போனதும் பினு என் சுடிதாரைப் பிடித்து இழுத்தான். "அக்கா, குனி."

குனிந்தேன்.

"மழை விட்டப்போ பிஜு சேட்டனோட பச்சைப் போட்டைக் கண்டோம். அழிமுகத்துலேர்ந்து வெளியே வந்துச்சு. சட்டையைக் கழட்டி வீசினோம், தொண்டை கிழியக் கூவினோம். அது வடக்கே திரும்பிப் போச்சு. நம்மளைத் தேடி வந்தவங்க எதுக்கு அந்தப் பக்கம் போறாங்கன்னு ஔசேப்பு சேட்டன் கேட்டாரு. நீந்தி முன்னாலெ போய் நின்னா காண்பாங்கன்னு மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிப் பிடிச்சுட்டுக் குதிச்சுட்டாரு."

"எப்போ?"

"பதினொண்ணரை இருக்கும்."

"செல்லானத்துலெ அலைன்னு சொன்னியே?"

"நீ சொல்லித்தான் வடக்கே போனோம்னு பிஜு சேட்டன் சொன்னாரு. உன் பேரு வந்துடுமேன்னுதான். மூணரை மணிக்கூர் ஆச்சு அக்கா, ஆளு மிச்சமிருக்காது. சொன்னா உன்னைக் கொன்னுடுவாங்க."

ஒரு நிமிஷம், அந்தப் பொய் எனக்கு இனித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். யாருக்கும் தெரியாது. சற்றுத் தள்ளி சிவசங்கரன் சார் நாலு பேரிடம், "நம்ம புரோகிராம்தான் கண்டுபிடிச்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் என்னைப் பார்த்துத் தலையாட்டியது.

அப்போது ஔசேப்பு சேட்டனின் மனைவி த்ரேஸ்யா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நேராக என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மோளே, நீயல்லே மெஷின் வெச்சுப் பினுவைக் கண்டுபிடிச்சது? எங்க ஆளையும் ஒண்ணு பாரு மோளே. எங்கே இருக்காருன்னு ஒண்ணு பாத்துச் சொல்லு."

"பிஜு சேட்டா!" என்று கத்தினேன். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "செல்லானம் போகாதீங்க. அங்கே இல்லே. அலையும் அடிக்கலே. பதினொண்ணரைக்கு உங்க போட்டைப் பாத்துதான் அவரு குதிச்சாரு. நீங்க வடக்கே போனதைப் பாத்து. உங்களை அங்கே அனுப்பினது நான். அவரு கேனைப் பிடிச்சு வடக்கே நீந்தியிருக்காரு. அழிமுகத்துக்கும் கண்ணமாலிக்கும் நடுவிலெ பாருங்க. பினு பொய் சொன்னது எனக்காக."

த்ரேஸ்யா என் கைகளை விட்டாள். அறைந்தாள். காது அடைத்துப்போய், பிஜு சேட்டன் மற்ற போட்டுகளுக்குப் போனில் கத்தியது எனக்குப் பாதிதான் கேட்டது. பச்சைப் போட்டு அலைகளைக் கிழித்துக்கொண்டு போனது.

த்ரேஸ்யா மறுபடியும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். இந்தத் தரம் வேறு மாதிரி. இறால் உரித்து உரித்துக் காய்ப்பேறிய கை, நகம் சதைக்குள் இறங்கியது. நான் ஓடிவிடக் கூடாது என்று பிடித்தாளோ, தான் விழுந்துவிடக் கூடாது என்று பிடித்தாளோ, தெரியாது. சார் தண்ணீர் கொண்டுவந்தார், இரண்டு பேரும் வாங்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றோம்.

நாலு இருபதுக்கு என் போன் அடித்தது. ஒரு கையாலேயே எடுத்தேன்.

"கிட்டி" என்றார் பிஜு சேட்டன்.

த்ரேஸ்யா போனை என் காதிலிருந்து தன் பக்கம் இழுத்தாள். "ஜீவன் உண்டோ?"

காற்றும் எஞ்சினும் இரைந்தன. யாரோ யாரிடமோ எதையோ கேட்டார்கள்.

"உண்டு" என்றார் பிஜு சேட்டன். "கேனை விடமாட்டேங்கறான். விரலை ஒவ்வொண்ணாப் பிரிக்கிறோம்."

த்ரேஸ்யா என் மணிக்கட்டை விட்டுவிட்டுப் படித்துறைக்கு ஓடினாள். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் பஜாரில் எதிரே வந்திருக்கிறாள். ஔசேப்பு சேட்டன் சிரிப்பார், ரெண்டு வார்த்தை பேசுவார். அவள் இன்றுவரை என்னோடு பேசியதில்லை.